போன்மைக் கணிப்பும் கருவிப் பகிர்வும்

ஏடு காட்டாது பாடம் காட்டுவாரை நம் துறையில் எவரும் எளிதில் நம்புவதில்லை. ஒரு செய்யுளின் நான்காம் அடிக்குப் புதியதொரு பாடம் கண்டதாக ஒருவர் எழுதின், எந்த ஏட்டில் என்றும், அவ்வேடு எங்குளது என்றும், பிறரும் சென்று காணலாமோ என்றும் வினாக்கள் உடன் எழும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடுகள் கிடைத்த இடங்களையும் உதவியோர் பெயர்களையும் குறித்துச் சென்றது நன்றியுணர்வால் மட்டும் நிகழ்ந்ததன்று. பின்வருவோர் சென்று காண்டற்கு வழி வைத்தலும் அதன்கண் அடங்கியுள்ளது.

கணிப்பொறியைக் கொண்டு ஆயும் இயற்பியல், பொறியியல் துறைகளில் இவ்வினாக்கள் நெடுங்காலம் எழாதிருந்தன என்பது நம்மனோர்க்கு வியப்பளிக்கலாம். ஆய்வாளர் ஒருவர் தாமே ஒரு நிரலை எழுதுவார். அதனை இயக்கி வந்த எண்களைப் படமாக வரைந்து கட்டுரையில் வெளியிடுவார். நிரலோ அவர்தம் மேசையிலேயே தங்கிவிடும். படிப்போர்க்குக் கிட்டுவது படம் ஒன்றே. இக்குறையை நீக்குதற்கு எழுந்த முயற்சிகளுள் ஒன்றனை, அமெரிக்க நாட்டு இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தோன்றிய நானோஹப் என்னும் இணையதளத்தை, ஈண்டு விளக்க முற்படுகின்றோம். பிற துறையினர் செய்தி நமக்கெதற்கு என வினவுவார் உளராயின், அவர்க்கு விடை கட்டுரையின் இடையில் வரும்.

முதற்கண் பெயர் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் சிமுலேஷன் என வழங்குவதனை உருவகப்படுத்தல் எனத் தமிழில் எழுதும் வழக்கம் பரவியுள்ளது. அணியிலக்கணம் பயின்றார்க்கு அச்சொல் இடர் தரும். உருவகம் 'இதுவே அது' எனத் துணிந்து கூறுவது. முகத்தைத் தாமரை போன்றது என்னாது முகத்தாமரை என்பது. கணிப்பொறியினுள் நிகழ்வதோ அத்துணிவுக்கு இடந்தராதது. எரிமலைச் சரிவில் பாறைகள் உருள்வதைக் கணிப்பொறி சில சமன்பாடுகளால் 'இது போல நிகழும்' எனக் காட்டுமேயன்றி, அங்கே மலையுமில்லை, பாறையுமில்லை. எனவே உவமையின்பாற்பட்ட போன்மை என்னும் சொல்லே பொருந்தும் எனக் கருதி, இக்கட்டுரையில் அதனைப் போன்மைக் கணிப்பு என்றே வழங்குகின்றோம். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எவ்வளவு போலும், எவ்விடத்திற் போலாது என ஆராய்வதே இத்துறையினர் வேலையிற் பெரும்பகுதி. உவமையைச் சோதிக்க வேண்டின் உவமையை உண்டாக்கிய கருவி கையில் இருத்தல் வேண்டும்.

கருவி கையில் இல்லாவிடத்து நேர்வது யாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். கலிபோர்னியாவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தினர் 2001-இல் உயிரணுச் சவ்வில் அமைந்த ஒரு புரதத்தின் வடிவத்தைச் சயன்ஸ் இதழில் வெளியிட்டனர். எக்ஸ்-கதிர்ச் சோதனையிற் பெற்ற எண்களை ஒரு நிரல் வழியே செலுத்தி அவ்வடிவம் பெறப்பட்டது. அதனை அடியொற்றி மேலும் சில கட்டுரைகள் வந்தன. 2006-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர் இருவர் அதற்கு உறவுடைய பிறிதொரு புரதத்தின் வடிவத்தை வெளியிட, இரண்டும் ஒவ்வாமை தெரிந்தது. ஆராய்ந்தவிடத்து, பிறிதோர் ஆய்வுக்கூடத்திலிருந்து வழிவழியாக வந்த அந்நிரல் எண்களின் இரண்டு பத்திகளை இடம் மாற்றியிருந்தமை புலனாயிற்று. அதன் விளைவாகப் புரதத்தின் அமைப்பு இடவலம் மாறிப் போயிருந்தது. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அம்முடிபுக்கு மாறாக எழுதியோர் தம் கட்டுரைகளை வெளியிடுதற்கு இடர்ப்பட்டனர் என அக்காலத்துச் செய்திகள் கூறும். வஞ்சம் எவரிடத்தும் இல்லை. நிரலைப் பிறர் இயக்கிப் பார்த்திருப்பின் பிழை முன்னரே வெளிப்பட்டிருக்கக் கூடும் என்பதே நாம் நோக்கற்பாலது.

இத்தகைய இடரை முன்னரே உணர்ந்தோர் இருந்தனர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் புவியியற்பியலார் ஜான் கிளேர்பௌட் 1990களின் தொடக்கத்திலேயே, தம் மாணவர் ஆய்வேட்டில் இடம்பெறும் படம் ஒவ்வொன்றும் ஒற்றைக் கட்டளையால் மீண்டும் உண்டாகத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என வரையறுத்தார். ஆயின் அவர் முறை, நிரலை எழுதியோரும் அதனைப் பெறுவோரும் ஒத்த கணிப்பொறியும் ஒத்த பயிற்சியும் உடையர் எனக் கொண்டது. நிரல் ஒன்றைப் பெற்று நம் கணிப்பொறியில் நிறுவுதல் எத்துணை அரிது என்பதை முயன்றவரே அறிவர். அது வேறொரு நிரலை வேண்டும். அஃது இன்னொன்றை வேண்டும். இயங்குதளம் பழையதாயின் ஒன்றும், புதியதாயின் ஒன்றும் முரணும். ஏட்டைக் கையிற் கொடுத்துவிட்டு எழுத்தைக் கொடாத நிலை இது எனலாம்.

நானோஹப் தளத்தார் வேறு வழி கண்டனர். நிரலைப் பயனர்பால் அனுப்புவதை விடுத்து, பயனரை நிரல் இருக்குமிடத்திற்கு வருவித்தனர். 1990களில் பர்டியூவில் பஞ்ச் என்னும் பெயரால் ஓர் அமைப்பு இயங்கியது. மாணவர் தம் உலாவியின் வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில் உள்ள நிரல்களை இயக்க அது துணைசெய்தது. 2002-இல் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் பொருளுதவியால் நானோ தொழில்நுட்பக் கணிப்பிற்கென ஒரு கூட்டமைப்பு நிறுவப்பட்டபோது, அவ்வடித்தளத்தின்மேல் நானோஹப் எழுந்தது. மின்னணுப் பொறியியற் பேராசிரியர் மார்க் லண்ட்ஸ்ட்ராம் இதனைத் தோற்றுவித்தவர். பின்னர் ஜெர்ஹார்ட் கிளிமெக் பல்லாண்டு வழிநடத்தினார்.

இத்தளம் செயற்படும் முறையைச் சற்றே விரித்துரைப்போம். பயனர் தம் உலாவியில் ஒரு கருவியின் பெயரைத் தெரிந்து 'இயக்கு' எனப் பணிக்கின்றார். உடனே தளத்தின் வழங்கிக் கணிப்பொறியில் அவர்க்கெனத் தனித்த சிற்றறை ஒன்று திறக்கப்படுகின்றது. அவ்வறையினுள் ஓர் இயங்குதளமும், கருவிக்கு வேண்டிய துணைநிரல்கள் யாவும், ஆசிரியர் அமைத்த நிலையிலேயே உள்ளன. பிறர் அறைகளோடு அதற்குத் தொடர்பில்லை. ஆதலின் ஒருவர் செய்யும் பிழை மற்றவரைத் தாக்காது. அறையினுள் தோன்றும் திரையின் வடிவம் மட்டுமே பயனரின் உலாவிக்கு வந்து சேர்கின்றது. அவர் சுட்டியின் அசைவும் விசையழுத்தமும் மறுவழியே அறைக்குச் செல்கின்றன. கணிப்பு மிகப் பெரிதாயின் தளமே அதனைப் பேராற்றற் கணிப்பொறிகளுக்கு அனுப்பி விடையைக் கொணரும். எளியதொரு கணிப்பொறியும் இணைய இணைப்பும் உடைய மாணவர்க்கும் பெரும்பல்கலைக்கழக ஆய்வாளர்க்கும் கிடைப்பது ஒரே கருவி, ஒரே விடை.

கருவியை ஆக்குவோர்க்கும் ஓர் எளிமை செய்யப்பட்டது. ஆய்வாளர் பலர் சமன்பாடுகளை நிரலாக்க வல்லவராயினும், பிறர் பயன்படுத்தத்தக்க முகப்பை அமைக்க வல்லரல்லர். அதற்குப் பொழுதும் இலர். 2005 அளவில் மைக்கேல் மெக்லென்னன் ஆக்கிய ராப்ச்சர் என்னும் துணைக்கருவி இக்குறையைத் தீர்த்தது. உள்ளீடுகள் இவை, இவற்றின் அலகும் எல்லையும் இவை, வெளியீடுகள் இவை என ஆசிரியர் ஒரு பட்டியல் எழுதித் தந்தாற் போதும். கட்டங்களும் வரைபடங்களும் கொண்ட முகப்பு தானே அமையும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்ட பாட்ரே என்னும் நிரல் குறைகடத்திக் கருவிகளின் இயல்பைக் கணிப்பது. கட்டளைகளை வரிவரியாக ஒரு கோப்பில் எழுதித் தந்தாலன்றி அது பேசாது. கட்டளைமொழி பயின்ற சிலர்க்கே அது பயன்பட்டது. அதற்கு ராப்ச்சரால் முகப்பு அமைத்துப் 'பி-என் சந்தி ஆய்வகம்' என்னும் கருவியாக நானோஹப்பில் வைத்தனர். பி-என் சந்தி என்பது, எலெக்ட்ரான்கள் மிக்க பகுதியும் அவை குறைந்து துளைகள் மிக்க பகுதியும் ஒரு சிலிக்கன் துண்டில் அடுத்தடுத்து அமைவது. டையோடுகளுக்கும் சூரிய மின்கலங்களுக்கும் இதுவே அடிப்படை. மாணவர் இருபுறத்தும் சேர்க்கும் மாசணுக்களின் அளவையும் வெப்பநிலையையும் இட்டு இயக்குவர். 300 கெல்வின் வெப்பநிலையில் இருபுறமும் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தின் 17-ஆம் அடுக்கு அணுக்கள் சேர்த்தால், சந்தியில் மின்னூட்ட ஊர்திகள் அற்ற வெற்றிடப் பட்டை ஏறத்தாழ 0.15 மைக்ரோமீட்டர் அகலம் கொள்ளும். மாசை நூறில் ஒரு பங்காக்கிப் பத்தின் 15-ஆம் அடுக்கிற்குக் குறைத்தால் அப்பட்டை 1.2 மைக்ரோமீட்டராக, அஃதாவது எட்டு மடங்காக விரியும். பாடநூலில் ஒரு வாய்பாடாகக் கிடக்கும் இச்செய்தியை மாணவர் தம் கையாலேயே மாற்றி மாற்றிக் காண்கின்றார். பாடநூலின் எளிய வாய்பாடு எங்கே பிறழ்கின்றது என்பதையும் அக்கருவியே காட்டும். ஏனெனில் அஃது ஆய்வாளர் கையாண்ட அதே நிரல். ஆய்வுக்கென எழுதிய நிரல் வகுப்பறைக்கு உதவாது என்னும் நெடுநாட் கருத்தை இத்தளத்தின் பட்டறிவு அசைத்துவிட்டது. 2013-இல் நேச்சர் நானோடெக்னாலஜி இதழில் இத்தளத்தார் எழுதிய கட்டுரை இதனை விரித்துரைக்கின்றது.

கருவிகளின் எண்ணிக்கை பின்னர் 500-ஐக் கடந்தது. வருவோர் தொகையைப் பற்றி இத்தகைய தளத்தார் பெருமிதத்துடன் கூறும் எண்களை நாம் சற்றே ஆய்ந்து கொள்ளல் வேண்டும். 2010களில் ஆண்டுக்குப் பல நூறாயிரவர் இத்தளத்திற்கு வந்தனர். அவருள் கருவியை உண்மையில் இயக்கியோர் பதினாயிரக் கணக்கினரே. நூலகத்துள் நுழைந்தார் யாவரும் நூல் எடுத்தார் அல்லர். எனினும் குறைகடத்தி இயற்பியலின் மிக நுண்ணிய பகுதியில் ஒரு நிரலைப் பதினாயிரவர் இயக்கிப் பார்ப்பது, மேசையிற் கிடந்த பழைய நிலையோடு ஒப்பிடின், சிறிதன்று.

பதிப்பு பற்றிய நெறி நம்மவர்க்கு உவப்பளிக்கும். கருவி ஒவ்வொன்றும் நூலைப் போன்றே ஆசிரியர் பெயரும், வெளியிட்ட நாளும், பதிப்பெண்ணும் உடையது. நிலையான அடையாள எண் ஒன்றும் அதற்கு அளிக்கப்படும். கட்டுரை எழுதுவோர் இன்ன கருவியின் இன்ன பதிப்பைக் கொண்டு கணித்தோம் எனச் சுட்டுதற்கு இதனால் இயலும். நிரல் எழுதியவர் உழைப்பும் மேற்கோளாக எண்ணப்பெறுகின்றது. முன்னர் அவர்க்கு நன்றியுரையில் ஒரு வரி கிட்டுவதே அரிது.

நானோஹப்பிற்கு அடித்தளமான மென்பொருள் ஹப்சீரோ என்னும் பெயரால் பிரித்தெடுக்கப்பட்டு 2010-இல் மூலநிரலோடு யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்டது. அதன்மேல் வெவ்வேறு துறையினர் தத்தம் தளங்களை எழுப்பினர். எரிமலை ஆய்வாளர்க்கென பஃபலோ பல்கலைக்கழகத்தார் அமைத்த விஹப் அவற்றுள் ஒன்று. அங்கு வைக்கப்பட்ட டைட்டன்2டி என்னும் கருவி, மலைச் சரிவில் பாறையும் மண்ணும் பெயர்ந்தால் அவை எவ்வழியே எவ்வளவு தொலைவு ஓடும் எனக் கணிப்பது. நிலத்தின் ஏற்றத்தாழ்வு, பெயரும் பொருளின் கன அளவு, உராய்வுக் கோணங்கள் ஆகியவற்றை அது வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையில், லிட்டில் டஹோமா என்னும் கொடுமுடியிலிருந்து 1963-இல் பெயர்ந்து வீழ்ந்த பாறைச் சரிவுகளை இதனாற் கணித்து, உண்மையில் படிந்த இடத்தோடு ஒப்பிட்டு இதன் போன்மையைச் சோதித்தனர். உராய்வுக் கோணத்தைச் சிறிது மாற்றினும் ஓடும் தொலைவு மாறும். எனவே இடர்வரைபடம் ஒன்றனைக் கண்டு ஊரை வெளியேற்றுவதா இருத்துவதா எனத் துணிவோர்க்கு, படம் மட்டும் போதாது. எண்ணை மாற்றி மீண்டும் இயக்கிப் பார்க்கும் வாய்ப்பும் வேண்டும். எரிமலைகள் பலவும் பேராற்றற் கணிப்பொறி இல்லாத நாடுகளில் இருத்தலை நினைக்க, இத்தகைய தளத்தின் தேவை விளங்கும்.

இதுகாறும் கூறியன நலங்கள். குறைகளும் உள. ஏடு பெட்டியுள் நூறாண்டு கிடந்தாலும், செல்லுக்குத் தப்பின் படிக்கலாம். நிரலுக்கு அப்பேறு இல்லை. தொடக்கத்தில் நானோஹப் தன் திரைவடிவை உலாவிக்குக் காட்ட ஜாவா என்னும் மொழியில் அமைந்த சிறுநிரலை நம்பியிருந்தது. 2015-இல் குரோம் உலாவியும் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் அத்தகைய சிறுநிரல்களை ஏற்பதை நிறுத்தின. கருவிகளில் ஒரு பிழையும் இல்லை; அவற்றைக் காணும் சாளரம் மூடிற்று. வேறு முறையில் சாளரம் அமைக்க வல்ல பொறியாளர் அத்தளத்திற்கு இருந்தமையால் அது பிழைத்தது. அத்தகையோர்க்கு ஊதியம் வேண்டும். ஊதியமோ ஐந்தாண்டுக்கொருமுறை வேண்டிப் பெறும் நல்கையிலிருந்து வருவது. நிலநடுக்கப் பொறியியலார்க்கென ஹப்சீரோவின்மேல் பர்டியூவில் நடந்த நீஸ்ஹப் என்னும் தளம், நல்கைக் காலம் முடிந்தமையால் 2014-இல் நிறைவுற்றது. அதன் சோதனைத் தரவுகள் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் அமைத்த டிசைன்சேஃப் தளத்திற்கு மாற்றப்பட்டுக் காக்கப்பட்டன. ஏற்பார் ஒருவர் இருந்தமையின் அவை எஞ்சின. இல்லையேல்?

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. மேலே விடை வரும் என்றது இதனையே. யாம் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்து, ஒரு தொகைநூலிற் பயிலும் வேற்றுமையுருபுகளை எண்ணுதற்கு இயற்பியல் துறை நண்பர் ஒருவர் நிரல் எழுதித் தந்தார். அக்காலத்தில் வழங்கிய தனி எழுத்துரு முறையில் அமைந்த மூலபாடத்தின்மேல் அஃது இயங்கும். எம் ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் அந்நிரல் தந்த அட்டவணைகளாலாயது. தேர்வாளர் மூவருள் எவரும் நிரலைக் கேட்டிலர், யாமும் கொடுத்திலம். சின்னாண்டு கழிந்து அக்கணிப்பொறி பழுதுற்றது, எழுத்துருவும் வழக்கொழிந்தது. மூலபாடங்கள் நற்பேறு பெற்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார், முதலில் அக்கால எழுத்துரு முறைகளில் இட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக் காத்தனர். நிரல்களை அவ்வாறு மாற்றிக் காத்தார் எவருமிலர். அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர், ஓர் உருபின் வருகையை எம் ஆய்வேடு 214 எனக் கூற, தமக்கு 231 வருகின்றதே எனக் கேட்டு எழுதினார். உருபு தொக்க இடங்களை எம் நிரல் நீக்கியதோ, புணர்ச்சியில் திரிந்தவற்றை அது தவறவிட்டதோ, அவர் கொண்ட பாடமே வேறோ, எமக்குச் சொல்ல இயலவில்லை. எம் எண்ணை யாமே மெய்ப்பிக்க இயலா நிலையில், அவர் எண்ணையே கொள்க என விடையெழுதினோம்.

சொல்லடைவும் தொடரடைவும் நம் துறையில் அச்சுநூல்களாக இருந்த காலத்தில், ஐயுற்றவர் அடைவு காட்டும் அடியைப் புரட்டிப் பார்த்துத் தெளிந்தனர். இன்று யாப்பமைதி, நடையியல், ஆசிரியர் துணிபு ஆகியவற்றில் நிரல்களின் துணைகொண்டு எழுதப்படும் ஆய்வேடுகள் பெருகுகின்றன. அட்டவணை அச்சில் உள்ளது. புரட்டிப் பார்க்க அடி இல்லை. நானோஹப் போன்ற பெருந்தளம் நமக்கு வேண்டுவதில்லை. நம் நிரல்கள் சிறியன, பேராற்றற் கணிப்பொறியை அவை கேளா. பைதான் போன்ற மொழிகளில் எழுதும் நிரலையும் அதன் விளக்கத்தையும் விளைவையும் ஒருசேர வைத்து இயக்கும் ஜூபிட்டர் ஏடுகள் 2014 முதல் அப்பெயரில் வழங்குகின்றன. நானோஹப்பும் அவற்றை ஏற்றுக்கொண்டுள்ளது. பல்கலைக்கழகம் ஒன்றன் வழங்கியில் அத்தகைய ஏடுகளையும், எண்ணுதற்குக் கொண்ட மூலபாடத்தையும் பதிப்பெண்ணோடு வைத்தல் பெருஞ்செலவினது அன்று. யார் பொறுப்பில் என்பதே கடினம். மாணவர் பட்டம் பெற்றுச் செல்வர். நெறியாளர் ஓய்வு பெறுவர். எஞ்சுவது நூலகம் ஒன்றே. ஆய்வேட்டை வாங்கி அடுக்கும் நூலகம், அதனுடன் நிரலையும் பெற்று ஆண்டுக்கொருமுறை இயக்கிப் பார்க்கும் கடமையை ஏற்குமாயின் பெரும்பகுதி தீரும் என்பது எம் கருத்து. நூலகத்தார் சிலரிடம் இதனைக் கூறினோம். நிரலுக்கு எந்த அடுக்கு எண் இடுவது என அவர்கள் வினவினர். நகைத்தற்குரிய வினாவன்று, விடை காணவேண்டிய வினா.

இவ்வாண்டு எம்மிடம் பயிலும் மாணவி ஒருவர், எவரும் பணியாமலே, சீர்களை வகைப்படுத்தத் தாம் எழுதிய நிரலை ஆய்வேட்டின் பின்னிணைப்பாக 11 பக்கங்களில் அச்சிட்டிருந்தார். அதனை ஒரு மாலை முழுதும் இருந்து தட்டச்சு செய்து இயக்கினோம். இயங்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி அச்சில் விடுபட்டிருந்தது. அவரே வந்து திருத்திய பின்னர் இயங்கிற்று. அட்டவணையின் எண்கள் யாவும் ஒத்தன, ஒன்றைத் தவிர. அவ்வொன்று எங்ஙனம் வந்தது என்பதை அவரும் யாமும் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றோம்.